கீழ்க்கட்டளை கேரம் போர்டில் தெரியாத காயின்கள்

1993 சித்திரையில், கீழ்க்கட்டளை ஜெயவேலுவின் கேரம் கிளப்பில், கண்ணுக்குத் தெரியாத காயின் ஒன்று பாக்கெட்டில் விழுந்தது. அடித்தவர் துலுக்காணம். கானாத்தூரில் வலை இழுத்து உரமேறிய கை. மார்க்கெட்டில் மீன் விற்று முடித்ததும் கிளப்புக்கு வந்துவிடுவார். அன்று அவர் ஸ்ட்ரைக்கரைச் சுண்டியதும் நடுவிலிருந்த காயின்கள் எல்லாம் இடப்பக்கமே சிதறின. வலப்பக்கம் ஒன்றும் போகவில்லை. ஆனால் பவுடரில் ஒரு கோடு மட்டும் மூலைவரை ஓடியது, பாக்கெட் வலை தொய்ந்தது.

"கைய வச்சியா மச்சான்?" என்றார் ஜெயவேலு.

"நான் இன்னாத்துக்குக் கைய வக்கிறேன்? தொட்டுப் பாரு, உள்ள இன்னாவோ கீது."

மாடியில் குடியிருந்த கிருபா சத்தம் கேட்டு இறங்கி வந்தாள். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சி செய்பவள். ஜெனீவா அருகே பூமிக்கடியில் துகள்களை மோதவிட்டு, ஒவ்வொரு துகளுக்கும் கனமான ஜோடி ஒன்று உண்டா என்று தேடும் பெருங்கூட்டத்தில் அவளும் ஒருத்தி. அந்த ஜோடி எந்தக் கருவியிலும் தெரியாது. சிதறியவை ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், மறுபக்கம் அது தப்பிப் போயிருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதுதான். வருடக்கணக்கில் ஒன்றும் அகப்படவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சர் வேலையில் சேர்வதாக அப்பா ஏசுபாதத்திடம் ஒப்புக்கொண்டிருந்தாள்.

பாக்கெட்டுக்குள் கைவிட்டாள். வட்டமாக, சில்லென்று, எடைக்கல் போல் கனத்தது. வெளியே எடுத்தால் உள்ளங்கையில் ஒன்றுமில்லை; மணிக்கட்டு மட்டும் தாழ்ந்தது. துலுக்காணத்தின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, இன்னும் வேகமா அடிங்க, ப்ளீஸ்."

மெதுவாக அடித்தால் வரவில்லை. வேகம் ஏற ஏற வந்தன. வைகாசிக்குள் வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஜோடி கிடைத்துவிட்டது. திருமுடிவாக்கம் பட்டறை ஆட்கள் ஷிப்ட் முடிந்து சைக்கிளிலேயே வந்து கூடினார்கள். ரெட்டின் ஜோடி மட்டும் பாக்கி. மகளை அழைத்துப்போக வந்த ஏசுபாதமும், போர்டு நகராமலிருக்க ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார். துலுக்காணம் மூச்சடக்கிச் சுண்டினார். ஸ்ட்ரைக்கர் இரண்டாகப் பிளந்தது. பாக்கெட் வலை அறுந்து, கீழே சிமெண்டுத் தரையில் குழி விழுந்தது.

ஏசுபாதம் குனிந்து குழியைத் தடவினார். "ஸ்கூல்ல நான் பேசிக்கிறேன்மா. நீ ஜெனீவாவுக்குக் கிளம்பு."

விமானம் ஏறப் போகும் வழியில், பல்லாவரம் தாண்டியதும், தெரியாத காயின்களைப் போட்டு எடுத்துவந்த கிருபாவின் பை லேசாகிவிட்டது. அந்தக் காயின்கள் போர்டை விட்டு அவ்வளவு தூரம் வருவதில்லை. அவள் கவலைப்படவில்லை, சிரித்துக்கொண்டே போனாள். ஜெனீவாவில் கேட்டவர்களிடமெல்லாம், இன்னும் வேகமாக மோதவிடுங்கள், வரும் என்றாள்.

சாதாரண ரெட்டைப் போட்டால் அடுத்து ஒரு காயினைப் போட்டு ஃபாலோ காட்டுவதுபோல, கிளப்பில் தெரியாத ரெட்டைப் போட்டாலும் ஃபாலோ போட வேண்டும் என்று விதி வைத்தார்கள். வெளியூர் டீம்கள் முதலில் முணுமுணுத்தன. பிறகு பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர்களும் ஃபாலோ போட்டார்கள்.