சிரங்கு பிடித்த வீடு

ஏழாம் எண் வீட்டுக்குச் சிரங்கு பிடித்திருப்பதைக் கண்டுபிடித்தவள் அங்கே அண்ணன் அண்ணியோடு இருந்த தங்கைதான். இதைச் சொல்லிக்கொள்வதில் அந்தத் தெருவுக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. இரண்டு மாதமாக, விளக்கணைத்ததும் வீடு பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டது. அலமாரியில் பாத்திரங்கள் உருண்டன, அண்ணி கட்டிலிலிருந்து விழுந்தாள். நகராட்சிப் பொறியாளர் வந்து, அஸ்திவாரம் போய்விட்டது, இருபது நாளில் இடித்தாக வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். வேறு வீடு பார்க்க அண்ணனுக்கு வக்கில்லை.

தங்கை ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். எதையும் இரண்டு தடவை பார்த்தும் நம்பாதவள். பொறியாளர் விரிசல் என்று சொன்ன கோடுகள் சுவரெங்கும் இல்லை என்பதைக் கவனித்தாள். கதவுக்கீல் இடுக்கு, ஜன்னல் கம்பிகளின் நடுவே, படிக்கட்டு மடிப்பு என்று நோயாளிகளுக்கு விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் வருவதைப்போலவே, சாம்பல் நிறத்தில் நெளிந்த மெல்லிய கோடுகள். பேனா மையைத் தடவி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தாள். மேலே இருந்த மை போய்விட்டது, கோட்டுக்குள் இறங்கியது அப்படியே தங்கிவிட்டது; உள்ளே ஏதோ துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. அதன் நுனியைப் பிளேடால் சுரண்டி, ஒரு சொட்டு எண்ணெயில் வைத்து லேப் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். எட்டுக் காலோடு சிரங்குப் பூச்சி ஒன்று, பக்கத்தில் ஐந்து முட்டைகள்.

"நல்லாப் பாத்தியா?" என்றான் அண்ணன்.

"மூணு தடவை பாத்துட்டேண்ணா. இருந்தாலும் பயமாத்தான் இருக்கு."

மூவரும் சுண்ணாம்பு மட்டையால் கூரையிலிருந்து வாசற்படி வரை சிரங்கு மருந்தைப் பூசி, மறுநாள் கழுவிவிட்டார்கள். வீடு ஒரு வாரம் அசையாமல் தூங்கியது. எட்டாம் நாள் மறுபடி சொறிந்தது. விஷயத்தைக் கேள்விப்பட்ட பொறியாளர் சிரித்தார். மனுஷத் தோலை நீங்க பாருங்கம்மா, சுவரை நாங்க பாத்துக்கறோம் என்றார். அவள் அன்று சாப்பிடவில்லை. தன் கண்ணையே சந்தேகப்பட்டு மறுபடி சுரண்டிப் பார்த்தாள். குஞ்சுப் பூச்சிகள் உயிரோடு ஊர்ந்தன. நோய் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது, ஆனால் வைத்தியம் ஒரு வீட்டுக்கு மட்டும் நடந்திருக்கிறது.

பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் போனாள்.

"எங்களுது சுத்தமான வீடும்மா. தினம் துடைக்கிறோம்."

"இது அழுக்கால வர்றதில்லீங்க. ஒட்டி இருந்தா வர்றது."

அவர் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு சுவரில் மாட்டியிருந்த ஆளுயரக் கண்ணாடியை இறக்கினார். பின்னால் சுவர் இடுக்கு நெடுக நெளிந்த கோடுகள். மூன்று மாதமாக மறைத்து வைத்திருக்கிறார். அடுத்த வீட்டில் அலமாரிக்குப் பின்னால், அதற்கடுத்ததில் திரைச்சீலைக்குப் பின்னால் என்று, ஒட்டியிருந்த பதினொரு வீட்டிலும் வெட்கம் ஒளிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பதினொரு வீட்டாரும் ஒரே நேரத்தில் மட்டையோடு ஏணி ஏறினார்கள்.

இருபதாம் நாள் பொறியாளர் கடப்பாரை ஆட்களோடு வந்தார். கதவையெல்லாம் சாத்தி விளக்கை அணைக்கச் சொல்லி, சுவரில் கையை வைத்து அரைமணி நேரம் நின்றார். வீடு சும்மா இருந்தது. நோட்டீஸைத் தானே கிழித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஆட்களை அனுப்பிவிட்டு, அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எங்க வீட்டையும் ஒரு தடவை வந்து பாருங்களேன்."

"எத்தனை வீடு ஒட்டியிருக்கு, சார்?" என்று கேட்டாள் அவள்.