கடலுக்குப் போகலாமா?

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அம்மாவின் போனில்தான், வீடியோ பார்த்துப் பார்த்து, நானாகவே புரோகிராம் எழுதப் படித்தேன். திரையில் ஒரு கீறல் உண்டு. அதற்கடியில் ஓர் அடைப்புக்குறி ஒளிந்துகொண்டால் போனைத் தூக்கி எறியலாம்போல எரிச்சல் வரும்.

என் முதல் புரோகிராம் அப்பாவுக்காக. காற்றின் வேகத்தைப் போட்டால், அவருடைய மீன்பிடி வள்ளம் கடலுக்குப் போகலாமா என்று அது சொல்லும். மாதா கோவிலில் காலைப் பூசை முடிந்து வந்தவரிடம் பெருமையாக நீட்டினேன். டிவியில் சொன்ன வேகத்தைத் தட்டினார். ‘தாராளமாகப் போகலாம்’ என்றது போன்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “ஏளா ஜெனிட்டா, ஞாயித்துக்கிழம திரேஸ்புரத்துல எவன் கடலுக்குப் போவான்?”

பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அதனாலேயே போனுக்குச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

“நான் சொன்னாத்தானப்பா அதுக்குத் தெரியும்? சிரிக்காதீங்க” என்று சுள்ளென்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வரி சேர்த்தேன்.

அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பெரிய வெள்ளிக்கும் போவமாட்டோம். மாதா திருநாளுக்கும் போவமாட்டோம். ஒண்ணொண்ணா சொல்லிக் குடுளா. அது வெளியூரு, பாவம்.”