பதினாறு நாள் மைனா

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். அன்று அது கைக்கு இறங்கிவிட்டது.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மற்ற நேரமெல்லாம் பறவை. பறவை பார்க்கும் எங்கள் குழுவில் பதினோரு பேர், ஒரே ஒரு சட்டம்: கூட்டைக் கண்டால் குஞ்சுகள் பறக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது, கட்டின புருஷனிடம்கூட. பாழடைந்த கல்குவாரியின் பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தையின் கூட்டைப் பார்த்தபோது தம்பியைத் தவிர யாரிடமும் நான் சொல்லவில்லை. பத்து வருஷமாக எங்கள் பக்கம் யார் கண்ணிலும் படாத பறவை அது. வெள்ளைப் பஞ்சாக இரண்டு குஞ்சுகள். விடிந்ததும் நான் ஒரு எட்டு போய்ப் பார்ப்பேன். மத்தியானம் தன் சலூனில் கூட்டம் குறையும்போது தம்பி போவான். பறவை என்றால் அவனுக்கும் பைத்தியம், என்னிடமிருந்து தொற்றியது.

பதினேழாம் நாள் காலையில் போனேன். இடுக்கை மறைத்திருந்த புதரை யாரோ அடியோடு வெட்டியிருந்தார்கள், போட்டோ எடுக்கும்போது குறுக்கே இலை வரக் கூடாதென்று. குஞ்சுகள் உள்ளே நகர்ந்துவிடாமல் கால்களில் தூண்டில் நரம்பைக் கட்டிக் கல்லோடு பிணைத்திருந்தார்கள். ஒன்றைக் காக்கைகள் முடித்துவிட்டிருந்தன. கண்கள் இல்லை, வயிறு திறந்து கிடந்தது. மற்றது இழுத்து இழுத்து எலும்பு தெரியும்வரை தன் காலை அறுத்துக்கொண்டிருந்தது. நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தேன். குஞ்சு என் உள்ளங்கையைக் கிழித்தது. கிழிக்கட்டும் என்று பிடித்துக்கொண்டே அதை இடுக்கின் ஆழத்துக்குள் தள்ளினேன்.

முந்தின நாள் மத்தியானம் வரை எல்லாம் சரியாக இருந்ததாகத் தம்பி சொல்லியிருந்தான். இடம் தெரிந்த இன்னொரு ஆள் அவன்தான். அவன் உட்கார்ந்திருப்பதோ ஊர்க்கதை எல்லாம் வந்து சேரும் சலூனில். எனக்கு வேறு யோசனையே வரவில்லை.

நான் சலூனுக்குள் நுழைந்தபோது அவன் ஒருவருக்குப் பாதி முகம் மழித்திருந்தான். யாரிடம் சொன்னாய் என்று கேட்டேன். யாரிடமும் இல்லை என்றான். தோளில் தொங்கிய, டெலஸ்கோப்பைத் தாங்கும் முக்காலியை எடுத்துச் சுழற்றினேன். முதல் அடியில் சுவர்க் கண்ணாடி நொறுங்கியது. இரண்டாவது தோளில் விழுந்தது. மூன்றாவதைத் தடுக்க வலது கையை நீட்டினான். கட்டைவிரல் உடைந்த சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. அதற்குப் பிறகும் ஒன்று போட்டேன், அதை மறைக்க மாட்டேன். நாற்காலியில் இருந்தவர் சோப்பு நுரையோடு தெருவுக்கு ஓடினார். தம்பி திருப்பி அடிக்கவில்லை. “நான் சொல்லலக்கா” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

அன்று எக்ஸ்ரே அறையில் என் டூட்டி. அவன் கையை நானே மேஜையில் வைத்து, விரலை விரித்துப் படம் எடுத்தேன். கட்டைவிரலின் அடி எலும்பு இரண்டாகப் பிளந்திருந்தது. கத்தரி பிடிக்கிற விரல். அப்போது போனில் குழுவின் செய்தி வந்தது. பெரிய லென்ஸ் என்று நாங்கள் கூப்பிடும் ஆள் ஆந்தைக் குஞ்சுகளின் படத்தைப் போட்டிருந்தார். யார் இடம் சொன்னது என்று யாரோ கேட்டதற்கு அவர் பேசியே பதில் அனுப்பியிருந்தார்: “யாரும் சொல்லலீங்க. நம்ம எக்ஸ்ரே அம்மா பதினாறு நாளா விடியக்காலைல அந்த வெறும் குவாரில மைனா எண்ணிட்டிருக்காங்க. மைனாவுக்காகவா அவ்வளவு தூரம் போவாங்க? மூக்கு வேர்த்துச்சு, போய்ப் பார்த்தேன்.”

ஆந்தையை ஒளித்தேன். மைனாவை ஒளிக்க மனசு வரவில்லை. எண்ணியதைப் போனில் பறவைக் கணக்குச் செயலியில் பதியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மைனா நான்கு, புறா ஏழு, கரிச்சான் ஒன்று என்று தினமும் பதிந்தேன், இடமும் நேரமும் என் பெயருமாக, உலகமே பார்க்கும்படி. அந்த ஆளின் கழுத்தை அப்புறம் பிடித்துக்கொள்ளலாம். வழி காட்டியவள் நான்.

தம்பியும் அதைக் கேட்டுவிட்டான். அறை சின்னது, போன் சத்தம் பெரிது.

“நான்தான்டா காட்டிக் கொடுத்தது” என்றேன்.

இடது கையால் ஓங்கி அறைந்தான். ஈயக் கவசம் மாட்டும் கொக்கியில் என் தலை மோதி, உதடு கிழிந்து ரத்தம் வந்தது. இன்னொன்று போடுவான் என்று நின்றேன், போட்டால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். படத்தைப் பார்த்தார், என் உதட்டையும் பார்த்தார். எப்படி ஆச்சு என்று அவனிடம் கேட்டார்.

“கடை ஷட்டர் விழுந்துடுச்சு சார். அக்கா புடிக்க வந்தாங்க, அவங்களுக்கும் பட்டுடுச்சு.”

கண்ணிமைக்காமல் சொன்னான். இனி துருவித் துருவிக் கேட்டாலும் அவனிடமிருந்து வேறு பதில் வராது.

டாக்டர் போனதும் உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்: “இனிமே எந்தப் பறவையைப் பார்த்தாலும் எங்கிட்ட சொல்லாத.”