பேசிக்கொண்டே இறங்கினார் பாரியா

1.
இந்தக் கதை என்னுடையதல்ல. தென்கோடி ஊரான புந்தா அரேனாசில் எங்கள் பக்கத்து வீட்டு ஹிமெனா, காற்று சாய்த்த வேலியை நான் பிடித்துக்கொள்ள, ஆணி அடித்தபடியே சொன்னது. அவள் துணை விமானி. நான் உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கதை எழுதுகிறவன். எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது, என்னை வீராங்கனையாக்கிவிடாதே என்றாள்.

முதல் வரி: ‘மேகத்துக்குள் மரணம் காத்திரு...’

(அடித்துவிட்டேன். மேகத்துக்குள் இருந்தது மலை. அது யாருக்காகவும் காத்திருக்கவில்லை, சும்மா நின்றது.)

2.
கொஞ்சம் விளக்கம், தவிர்க்க முடியாது. விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரத்தைக் காட்டுகிறது. மேலே பறக்கும்போது எல்லோரும் 1013 என்று ஒரே எண்ணை வைத்துக்கொள்வார்கள். இறங்கும்போது அந்தந்த ஊரின் அன்றைய அழுத்தத்துக்கு மாற்ற வேண்டும். எங்கள் ஊரில் புயல் நாளில் அது 983 வரை வந்துவிடும். மாற்ற மறந்தால் மானி தொள்ளாயிரம் அடி கூடுதலாகக் காட்டும்.

3.
கேப்டன் பாரியாவை முதலில் திமிர் பிடித்தவராக எழுதினேன். கறுப்புக் கண்ணாடிகூடப் போட்டுவிட்டேன். ஹிமெனா படித்துவிட்டு முகம் சுளித்தாள்.

“யாருப்பா இந்த ஆளு? பாரியா தங்கமான மனுஷன். அதனாலதான் பேச்சு நீண்டுச்சு.”

ஆகவே, நல்ல மனிதர். இறங்கத் தொடங்கிய நேரத்தில் விமானப் பணியாளர் நொல்பெர்த்தோ காப்பிக் கோப்பைகளை எடுக்க வந்தார். மகள் செவிலியர் தேர்வில் தேறிவிட்டாள் என்றார். அந்தப் பெண்ணைக் கைக்குழந்தையாகத் தூக்கியவர் பாரியா. எந்த ஆஸ்பத்திரி, விருந்து எப்போது, ஆட்டை நெருப்பில் வாட்டுவது யார் என்று கேட்டுக்கொண்டே போனார். அப்போதுதான் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து 983 என்று எண் வந்தது. ஹிமெனா திருப்பிச் சொல்லி, தன் பக்கத்து மானியை மாற்றினாள். பாரியாவின் கையும் அவருடைய மானிவரை போனது. ஆட்டைப் பற்றி நொல்பெர்த்தோ ஏதோ சொன்னதும் மாற்றாமலே திரும்பிவிட்டது.

(பாதி வழியில் திரும்பிய அந்தக் கையைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. விமானம் இறங்கிக்கொண்டிருந்ததால் நீக்கிவிட்டேன்.)

4.
ஹிமெனா இரண்டு மானிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பாரியாவிடம் அவருடையதைப் பார்க்கச் சொன்னாள். அவர் சிரித்தபடி தலையாட்டினாரே தவிரப் பார்க்கவில்லை. வேலை கற்றுத் தந்தவர், அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார். அதை வெட்ட அவளுக்கு ஒரு கணம் மனம் வரவில்லை. பிறகு சொன்னாள்:

“கேப்டன், பேச்ச நிறுத்துங்க. நீங்க நினைக்கிறத விடத் தொள்ளாயிரம் அடி கீழ இருக்கோம். இறங்காதீங்க.”

பாரியா உடனே விமானத்தை மேலே எடுத்தார். அதன்பின் எண்ணை மாற்றினார். நொல்பெர்த்தோ கோப்பைகளோடு வெளியேறினார். மேகம் விலகியபோது பக்கத்தில் பனி மூடிய முகடு தெரிந்தது.

5.
முடிவு ஒன்று: தரையில் பாரியா அவள்மேல் எரிந்து விழுகிறார். (நடக்கவில்லை.)

முடிவு இரண்டு: யாரிடமும் சொல்வதில்லை என்று இருவரும்... (ஹிமெனா பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.)

நடந்தது இதுதான். இயந்திரங்கள் நின்ற பிறகும் பாரியா எழுந்திருக்கவில்லை.

“ரெண்டாவது தடவ சொன்ன பாரு, அத முதல் தடவையே சொல்லும்மா. என் மூஞ்சியப் பாக்காத.”

நிறுவனத்திடம் தன் தவறைத் தானே போய்ச் சொன்னார். நொல்பெர்த்தோ வீட்டு விருந்தில் மூவரும் இருந்தார்கள். இப்போதும் ஒன்றாகப் பறக்கிறார்கள்.

பரபரப்பு போதாது, மலையில் மோதட்டும் என்கிறார் என் பத்திரிகை ஆசிரியர். எனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். விமானத்தின் பின்வரிசையில் ஒரு பெண், கம்பளிச் சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தூங்குகிறாள். முதலில் அவளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.