நிறுத்தச் சொன்ன மாத்திரை

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. ஊரையே மேலே ஏற்றி இறக்குகிற மனிதர், கெட்டுப்போன லிஃப்டைத் தேடிப் போவதால் தான் மட்டும் எப்போதும் படியேறித்தான் போக வேண்டும். "என் பொழப்பப் பாத்தியாடி" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மூன்றாவது மாடி ஏறுவதற்குள் நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்று சொன்ன அன்றைக்குத்தான் சிரிக்கவில்லை.

டாக்டர் நிதானமானவர். "எடுத்த எடுப்பிலயே குழாய் விட்டுப் பாக்க வேணாம். முதல்ல டிரெட்மில்ல நடக்கவிட்டுப் பாப்போம். அதுல ஏதாவது தெரிஞ்சா ஆஞ்சியோ பண்ணலாம்" என்றார். சீட்டில் ஒரு மாத்திரையின் பெயரைச் சுற்றி வட்டம் போட்டார். "இது துடிப்ப அடக்கி வைக்கிறது. ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்திடுங்க. இல்லன்னா கோளாறு இருந்தாலும் மிஷினுக்குத் தெரியாது."

தலையாட்டியவள் நான்தான். மருந்து விஷயத்தில் அவருக்கு ஆனா ஆவன்னா தெரியாது. நான் உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பதை அண்ணாந்து வாயில் போட்டுக்கொள்வார்.

மாத்திரை நிறுத்திய இரண்டாம் நாள் சாயங்காலம் குளித்துவிட்டு வந்தவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே நின்றார். கேட்டால் ஒன்றுமில்லை என்றார். இந்த மனிதரையா நாளைக்கு மிஷினில் ஓடவிடப் போகிறார்கள்? ஓடும்போதே விழுந்துவிட்டால்? இதெல்லாம் சாக்கு. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த ஆஞ்சியோவே வேண்டாம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒரு டாக்டர் வாயால் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. பிள்ளைக்குப் பரீட்சையில் பிட்டு கொடுக்கும் தாய் மாதிரி, மறுநாள் காலையில் மற்ற மாத்திரைகளோடு நிறுத்தச் சொன்னதையும் அவர் கையில் வைத்தேன்.

மார்பெல்லாம் ஒயர் ஒட்டி நடக்கவிட்டார்கள். மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "துடிப்பு ஏறவே மாட்டேங்குதே. சார், அந்த மாத்திரைய நிறுத்தினீங்களா?"

"ரெண்டு நாளாச்சும்மா" என்றார் அவர், மூச்சிரைக்க. அவர் சொன்னது பொய்யில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "அம்மா, நிறுத்திட்டீங்கதானே?"

"நிறுத்திட்டோம்" என்றேன்.

ஆறாவது நிமிடம் கால் கடுக்கிறது என்று இறங்கிவிட்டார். டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துடிப்பு வேண்டிய அளவுக்கு ஏறவில்லை, ஆனால் கோடுகளில் தப்பு ஒன்றும் தெரியவில்லை என்றார். "இப்போதைக்கு ஆஞ்சியோ வேணாம். வலி வந்தா ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க, உடனே வாங்க."

"மிஷினையே ஜெயிச்சுட்டேன்டி" என்றார் வெளியே வந்ததும். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு வலி வந்தால் வாயு என்றார். போய்க் காட்டலாம் என்றால், "டெஸ்டே நல்லா வந்திருச்சு, நீ வேற" என்று வாயை அடைத்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். திட்டுவாரோ, டாக்டர் முகத்தில் எப்படி முழிப்பது என்று நாளைக்கு நாளைக்கு என்று பத்தொன்பது நாள் தள்ளினேன். இருபதாம் நாள் ஒரு ஆபீஸ் கட்டடத்தில், ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில், படியில் கிடந்தார். வாட்ச்மேன் பார்த்தபோதே உடம்பு சில்லிட்டிருந்ததாம்.

காரியம் முடிந்த கையோடு மகள் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நேராக அந்த டெஸ்ட் அறைக்கே போய்க் கத்தினாள். "ஒழுங்காப் பாக்கத் தெரியலன்னா ஏன் இந்த வேலைக்கு வர்றீங்க? எங்கப்பாவக் கொன்னுட்டீங்களே!"

"நான் ரெண்டு பேருகிட்டயும் கேட்டேன்கா" என்றாள் அந்தப் பெண். எவளோ பெற்ற பிள்ளை, என் பொய்க்காக அழப்போகிறாள்.

"நான்தான் குடுத்தேன்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. "அந்த மாத்திரைய அன்னைக்குக் காலையில நான்தான் அவருக்குக் குடுத்தேன்."

அந்தப் பெண் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "ஏம்மா, அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றாள். "வாரத்துல நாலு பேராவது மறந்து போட்டுட்டுத்தான் வர்றாங்க. ரெண்டு நாள் கழிச்சு வாங்கன்னு அனுப்பிடுவோம். யாரும் திட்டக்கூட மாட்டாங்க."

மகள் அறைவாள் என்று நின்றேன். அவள் வெளியே போனாள். ஸ்கூட்டரை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, என்னைப் பார்க்காமலே "ஏறும்மா" என்றாள். பாதி வழியில் ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. விழுந்துவிடாமல் அவள் தோளைப் பிடித்தேன். அவள் வேகத்தைக் குறைத்து, ஒரு கையால் என் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, மறுபடியும் ஓட்டினாள்.