தாழக் கட்டிய கம்பி

"அண்ணி, இந்தக் கம்பிய அறுத்துப் போடட்டுங்களா? பந்தக்கால் நட எடமில்லீங்க."

அரிவாளும் கையுமாக வாசலில் நின்றான் பொங்கியண்ணன். விடியற்காலையில் இறந்துபோன ஆறுச்சாமியின் தம்பி. கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மருதாத்தாள் நிமிர்ந்தாள்.

"அறுக்காதீங்க. கொஞ்ச நேரம் பொறுங்க."

"அப்பத் தென்னையில ஏத்திக் கட்டிர்றேன். உசரமா இருந்தா இன்னும் நல்லாக் கேக்குமில்லீங்க?"

"வேண்டாங்க. உசரத்துல கட்டுனா சீமைக்காரனுக்குக் கேக்கும். கோயமுத்தூர்க்காரருக்குக் கேக்காது."

சண்டைக் காலத்தில் பஸ்ராவில் தந்திச் சிப்பாயாக இருந்தவன் ஆறுச்சாமி. கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பிய பிறகும் அந்தத் தந்தித் தட்டலை அவன் விடவில்லை. சர்க்காரிடம் அனுமதி வாங்கி, நெல் மூட்டை அடுக்கும் அறையில் கம்பியில்லாத் தந்திப் பெட்டி ஒன்றைத் தானே செய்து வைத்திருந்தான். நூறு மைலுக்குள் இருப்பவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் போட்டி இந்த ஞாயிற்றுக்கிழமை, இன்றைக்குத்தான். அதற்காகப் போன வாரம் தென்னை உச்சியிலிருந்த பெட்டியின் அலைக்கம்பியை இறக்கிக் கையெட்டும் உயரத்தில் கட்டினான். "மாப்ளெ, கோவணம் காயப்போடறதுக்குங்களா?" என்று தெருவே சிரித்தது. கிட்டத்தில் இருப்பவனுக்குத் தாழத்தான் கட்ட வேண்டும், அலை நேரே மேலே போய் வானத்தில் முட்டி நம் தலைமேலேயே இறங்கும் என்று அவளிடம் மட்டும் சொன்னான். மறுநாள் காய்ச்சலில் படுத்தான்.

நேற்று மத்தியானம் ஒரு துண்டுக் காகிதத்தில் புள்ளியும் கோடுமாக எழுதி அவள் கையில் வைத்தான்.

"நான் எந்திரிக்கலீன்னா நாளைக்கு இதை அடிச்சுரு. அர்த்தநாரி காத்துட்டிருப்பாரு. போயிட்டு வர்றேன்னு எழுதிருக்கேன். சொல்லாமப் போகக்கூடாது பாரு."

கோயமுத்தூர் அர்த்தநாரியை இருவருமே பார்த்ததில்லை. ஆறு வருஷமாகக் காலை எட்டு மணிக்கு வரும் சத்தம், அவ்வளவுதான்.

மருதாத்தாள் எழுந்தாள். நாத்தனார் முத்தாத்தாள் சேலையைப் பிடித்தாள்.

"பொணத்த உட்டுப்போட்டு எங்க போற? ஊரு என்ன பேசும்?"

"பேசிட்டுப் போகட்டும், நங்கை. அவரு சொன்ன வேலைங்க."

நெல் அறைக்குள் போய்ப் பெட்டியைப் போட்டாள். தினமும் அவனுக்குப் போட்டுக் கொடுத்த சுவிட்சுதான். காதுக்குழாயை மாட்டினாள். ஐந்தாறு பேர் சிட்டுக்குருவிகளைப் போல ஒரே சமயத்தில் இரைந்துகொண்டிருந்தார்கள். அவன் பேருக்கான தட்டல், சுவருக்கு அந்தப்பக்கமிருந்து கேட்டுக் கேட்டு விரலில் ஏறியிருந்தது. அதை அடித்தாள். பிறகு காகிதத்தைப் பார்த்து ஒவ்வொரு புள்ளியாக. ஓரிடத்தில் தப்பியது. முதலிலிருந்து அடித்தாள்.

கொஞ்ச நேரம் எதுவும் மாறவில்லை. அப்புறம் அர்த்தநாரியின் தட்டல் வந்தது. அந்த இழுப்பு அவளுக்குத் தெரியும். அவர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அவள் காகிதத்திலிருந்ததையே, மெதுவாக, எல்லோருக்குமாகத் திருப்பி அடித்தார்.

ஒரு குருவி நின்றது. இன்னொன்று பாதிக் கூப்பாட்டில் நின்றது. பிறகு ஒவ்வொன்றாக.

பொங்கியண்ணன் எட்டிப் பார்த்தான். "ஆச்சுங்களா அண்ணி? பாடை கட்ட ஆளு வந்தாச்சு."

அவள் காதுக்குழாயைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். அவன் காதில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"ஒண்ணுமே கேக்கலீங்களே."

"ஆமாங்க" என்று அதை வாங்கி மறுபடி தன் காதில் வைத்துக்கொண்டாள்.