காலடியில் வைத்த மருந்து

செவ்வந்தி ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியை நகர்த்தியதும் ஒப்பாரி பாதியில் நின்றது.

"இன்னாடி பண்ணிக்கினு கீற?" என்றாள் நாத்தனார் ராணியம்மாள். "தூக்கப் போற நேரத்துல."

"மருந்து எடுக்கறேங்க்கா."

"செத்தவனுக்கு இன்னாடி மருந்து?"

"அவருக்கில்ல. வெள்ளச்சிக்கு."

கணவர் ஏகாம்பரத்தின் பாதங்களுக்கு நடுவே, துணியில் சுற்றிய சின்னப் புட்டி இருந்தது. எடுக்கும்போது அவர் கட்டைவிரல் அவள் கையில் பட்டது. புட்டியின் குளிர்ச்சியேதான் அதற்கும்.

"பன்னி மருந்தயா எந்தம்பி காலாண்ட வெச்ச? ஊரு சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும்."

வெள்ளச்சி சினைப்பன்றி. காய்ச்சலில் விழுந்து, காதும் வயிறும் ஊதா நிறமாகிவிட்டன. ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார் மாட்டு டாக்டர். மூன்று நாளைக்கு ஆறு ஊசி, ஒரு வேளைகூடத் தவறக்கூடாது, கரைத்த மருந்து குளிரிலேயே இருக்கவேண்டும் என்றும் சொன்னார். பன்றி மருந்தை யாரும் தங்கள் ஃப்ரிட்ஜில் சேர்க்கவில்லை. சேட்டு மட்டும் கடையில் கூல்டிரிங்ஸ் பக்கத்தில் இடம் கொடுத்தான்.

நேற்றுக் காலை நான்காவது ஊசியைப் போட்டுவிட்டு ஏகாம்பரம் கஞ்சிக்கு உட்கார்ந்தார். மிளகாயை ஒரு கடி கடித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார். சாவுக்காகக் கடையைச் சாத்திய சேட்டு, மருந்தைத் திருப்பித் தந்துவிட்டான். சாயந்தரம் ஐந்தாவது ஊசியைச் செவ்வந்தியே போட்டாள். பிறகு வீட்டில் குளிர்ச்சியான இடம் ஒன்றுதான் இருந்தது.

ஆறாவதைக் காலை எட்டு மணிக்கே போட்டிருக்கவேண்டும். அவளை யாரும் எழவே விடவில்லை. இப்போது பதினொன்றரை.

மேளம் எழும்பியது. புட்டியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு பாடையின் பின்னால் நடந்தாள். தெருமுனையோடு பெண்கள் திரும்பவேண்டும். பாடை வளைவில் மறையும்வரை நின்றாள். கைக்குள் புட்டி வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தது. திரும்பி, முதலில் வேகமாக நடந்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

"அய்யோ, இவ புள்ளைக்கு இன்னா ஆச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"பன்னிக்கு ஊசி போட ஓடறா," என்றாள் ராணியம்மாள்.

பட்டியில் மகள் தமிழ்ச்செல்வி சிரிஞ்சோடு காத்திருந்தாள். "சீக்கிரம் வாம்மா. காத பாரு."

காது மடலின் ஊதா, ஓரங்களில் வெளுத்து ரோஜா நிறம் காட்டியது. செவ்வந்தி தொட்டுப் பார்த்தாள். நேற்றைய அனல் இல்லை. அவளுக்கு மூச்சு வாங்கியது. சிரிஞ்சில் மருந்தை ஏற்றி மகளிடம் நீட்டினாள்.

"எங்க குத்தணும்மா?"

"காதுக்குப் பின்னால நாலு விரல் தள்ளி. உங்கப்பன் அங்கதான் குத்துவாரு."

ஊசி இறங்கியதும் வெள்ளச்சி வீறிட்டுக் கத்தியது. மூன்று நாளாக முனகக்கூடச் செய்யாத பன்றி.

"கத்துதும்மா, கத்துது," என்று தமிழ்ச்செல்வி அவள் தோளை உலுக்கினாள். சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெள்ளச்சி முன்கால்களை ஊன்றியது. சறுக்கியது. மறுபடி ஊன்றி எழுந்து நின்றது. மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்தபடி சுவர் ஓரமாகத் தள்ளாடி நடந்தது. சாவு விழுந்த வீட்டுச் சோறு ஆகாதென்று நேற்று யாரோ வெளியே வைத்த கஞ்சிச் சட்டி அங்கே கிடந்தது. தலையை உள்ளே விட்டது.

"புளிச்சிருக்கும்மா. தள்ளட்டா?"

"வேணாம். துன்னட்டும்."

ஏரிக்கரைப் பக்கம் மேளம் மெலிந்துகொண்டே போய் நின்றது. சட்டி தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளச்சி தலையை எடுத்தபோது சட்டி காலியாக இருந்தது. அடியில், ஒரு கடி கடித்த பச்சை மிளகாய் ஒட்டிக்கொண்டிருந்தது.